சுவருக்கு எத்தனை முறை பெயிண்ட் அடிப்பது? தன்னார்வப் பயணம் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நான் முதன்முதலாகத் தன்னார்வப் பயணம் போனது ஒரு மலைக் கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு. இரண்டு வாரம், எட்டுப் பேர். மூன்று வகுப்பறைகளுக்கு மஞ்சள் பெயிண்ட் அடிப்பது எங்கள் வேலை. நாலாம் நாள் மதியம், ஜன்னலுக்குப் பக்கத்தில் பொருக்குத் தட்டியிருந்த ஓரிடத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். மஞ்சளுக்குக் கீழே பச்சை. பச்சைக்குக் கீழே இளநீலம். அதற்கும் கீழே இன்னொரு மஞ்சள். தலைமை ஆசிரியரிடம் கேட்டேன். மனிதர் கொஞ்சமும் கூச்சப்படாமல் சொன்னார்: "வருஷத்துக்கு நாலு குழு வருகிறது. வருகிற எல்லாருக்கும் ஏதாவது வேலை வைக்க வேண்டுமே!"

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அப்போது வேண்டியிருந்தது ஒரு கணக்கு ஆசிரியர். அந்த இடம் ஒரு வருஷத்துக்கும் மேலாகக் காலி. எங்களில் யாரும் அதைக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மூன்று முறை போயிருக்கிறேன். அவற்றில் இரண்டு உருப்படியானவை என்று தைரியமாகச் சொல்வேன். ஒன்று பரவாயில்லை ரகம். முதல்முறை கிளம்புகிறவர்கள் அடிக்கடி யோசனை கேட்பதால், செய்ய வேண்டியதை வரிசையாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கிளம்புமுன்: இது என்ன ஏற்பாடு?

கைக்காசைச் செலவழித்து வேறோர் இடத்துக்குப் போய், சில நாளோ சில மாதமோ சம்பளமில்லாமல் வேலை செய்துவிட்டு, கூடவே ஊரையும் சுற்றிப் பார்த்துவிட்டு வருவதைத்தான் தன்னார்வச் சுற்றுலா என்கிறோம். இதன் வேர் பழையது. முதல் உலகப் போர் முடிந்தபின் 1920இல், பியேர் செரசோல் என்ற சுவிட்சர்லாந்துக்காரர், பிரான்சின் வெர்டன் போர்க்களத்துக்கு அருகே சிதைந்து கிடந்த எஸ்ன் கிராமத்தைச் சீரமைக்க ஒரு சிறு குழுவைக் கூட்டிப் போனார். அதில் ஜெர்மானியர்களும் இருந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்புவரை எதிர்ப்பக்கத்தில் நின்ற நாட்டுக்காரர்கள். அப்புறம் 1958இல் பிரிட்டனின் வி.எஸ்.ஓ., 1961இல் அமெரிக்காவின் பீஸ் கோர் என்று தன்னார்வலர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் நீண்டகாலத் திட்டங்கள் வந்தன. அதற்கும் பிறகுதான் இரண்டு வாரம், ஒரு மாதம் என்று கட்டணம் போட்டு விற்கும் நிறுவனங்கள் பெருகின. 2008இல் வந்த ஒரு கணிப்பு, ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் பேர் இப்படிப் பயணம் போவதாகச் சொன்னது.

'விற்கும்' என்ற சொல்லைத்தான் புதியவர்கள் கவனிக்க வேண்டும். பணம் கட்டுகிறவர் நீங்கள். அதனால் நீங்கள்தான் வாடிக்கையாளர். உங்களுக்குப் பிடித்த வேலையைத் தேடித் தருவதில்தான் நிறுவனத்தின் பிழைப்பு இருக்கிறது. ஊருக்குக் கழிவுநீர்க் குழாய் வேண்டியிருக்கலாம். ஆனால் விளம்பரத்தில் எடுபடுவது குழந்தைகளோடு விளையாடும் படம். இந்தப் பயணங்களில் நான் பார்த்த கெடுதல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு முடிச்சிலிருந்து வந்தவைதான். போகிறவர்கள் கெட்டவர்கள் என்பதால் வந்தவை மிகக் குறைவு.

படி 1: ஆசையை ஒப்புக்கொள்ளுங்கள்

"சேவை செய்யப் போகிறேன்" என்று மட்டும் சொல்லிக்கொள்ளாதீர்கள். மலை பார்க்க ஆசை, புது ஊர் ஆசை, வேலை விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்க்க ஆசை, மனமுறிவிலிருந்து கொஞ்சம் தள்ளிப்போக ஆசை, எல்லாம் இருக்கலாம். தப்பே இல்லை. மறைத்தால்தான் வம்பு. ஆசையை ஒப்புக்கொண்டவர், "எனக்குக் கிடைப்பது இவ்வளவு, அவர்களுக்குக் கிடைப்பது எவ்வளவு?" என்று கேட்பார். தியாகம் செய்வதாக நினைக்கிறவர் அந்தக் கேள்விக்கே வரமாட்டார். வரவேற்பு சரியில்லை, நன்றி சொல்லவில்லை என்று மூன்றாம் நாளே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

இன்னொரு சோதனையும் உண்டு. அங்கே செய்யப்போகும் வேலையை உங்கள் சொந்த ஊரில் செய்ய விடுவார்களா? பயிற்சி இல்லாமல் வகுப்பெடுக்க, ஊசி போட, பிரசவம் பார்க்கும் அறைக்குள் நிற்க, முன்பின் தெரியாத குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போக விடுவார்களா? விடமாட்டார்கள் என்றால் அங்கேயும் செய்யக் கூடாது. ஏழை நாடு என்பதால் தகுதி குறைந்தவர் போதும் என்ற கணக்கு, எவ்வளவு இனிப்பாகச் சொன்னாலும், அவமரியாதைதான்.

படி 2: அநாதை இல்லம் என்றால் பட்டியலிலிருந்தே அடித்துவிடுங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நிதானமாக நிற்கப் போகிறேன்.

கம்போடியாவில் 2005இல் 154ஆக இருந்த குழந்தை இல்லங்கள் 2010க்குள் 269 ஆயின. அந்த ஐந்து வருஷத்தில் அங்கே போரும் இல்லை, கொள்ளைநோயும் இல்லை. அங்கோர் கோயில்களைப் பார்க்க வரும் பயணிகள் கூட்டம்தான் ஏறிக்கொண்டிருந்தது. இல்லங்களில் இருந்த குழந்தைகளில் நாலில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். நேபாளத்திலும் இதே கதை. அங்கே அப்போதிருந்த 75 மாவட்டங்களில், காட்மாண்டு, லலித்பூர், பக்தபூர், காஸ்கி, சித்வன் ஆகிய ஐந்தில் மட்டும் ஏறத்தாழ 90 விழுக்காடு இல்லங்கள் இருந்ததாக யுனிசெஃப் சொன்னது. அந்த ஐந்தும் பயணிகள் அதிகம் போகும் மாவட்டங்கள். பெற்றோரை இழந்த குழந்தைகள் சுற்றுலா மாவட்டமாகப் பார்த்தா பிறக்கிறார்கள்?

நடப்பது இதுதான். ஊருக்குள் ஒருவர் வருவார். "பிள்ளையை நகரத்துக்கு அனுப்புங்கள், இங்கிலீஷ் பள்ளிக்கூடம், மூன்று வேளைச் சாப்பாடு" என்பார். பெற்றோர் நம்பி அனுப்புவார்கள். சில இடங்களில் அந்த ஆளுக்குப் பணமும் கொடுப்பார்கள். பிள்ளை இல்லத்தில் சேரும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கட்டணமும் நன்கொடையும் தருவார்கள். குழந்தைகள் எண்ணிக்கை குறைந்தால் வருமானம் குறையும். அதனால் குறையாமல் பார்த்துக்கொள்வார்கள். அதிலும் மோசமான இடங்களில், குழந்தைகள் பரிதாபமாகத் தெரிந்தால்தான் பணம் வரும் என்று அவர்களை அப்படியே வைத்திருப்பார்கள். பேரிடர் நேரத்தில் இது இன்னும் வேகம் எடுக்கும். 2010 ஜனவரியில் ஹெய்ட்டி நிலநடுக்கத்துக்குப் பிறகு, 33 குழந்தைகளைப் பக்கத்து நாடான டொமினிக்கன் குடியரசுக்குக் கொண்டுபோக முயன்ற பத்து அமெரிக்கர்களை எல்லையில் பிடித்தார்கள். அந்தக் குழந்தைகளுக்கு உயிரோடு பெற்றோர் இருந்தது பிறகு தெரிந்தது. 2015இல் நேபாளம் குலுங்கியபோது, புதிய இல்லங்கள் தொடங்குவதற்கு அந்த அரசு தடை போட்டதற்குக் குழந்தைக் கடத்தல் பயம்தான் காரணம்.

சரி, நேர்மையாக நடக்கிற இல்லம் என்றால்? அதற்கும் என் பதில் வேண்டாம் என்பதுதான். ஒரு முறை அப்படிப்பட்ட இடம் ஒன்றுக்குப் பார்வையாளராக மட்டும் போனேன். கதவைத் திறந்ததும் மூன்று வயதுப் பையன் ஒருவன் ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டான். என் பெயர் அவனுக்குத் தெரியாது. முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. கூட வந்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கே பல வருஷமாக வேலை செய்த அம்மா ஒருவர் மட்டும் சொன்னார்: "யார் வந்தாலும் இப்படித்தான் கட்டிக்கொள்வான். வீட்டில் வளரும் குழந்தையாக இருந்தால் உங்களைப் பார்த்ததும் அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்." நாங்கள் பாசம் என்று நினைத்தது அவர் கண்ணுக்குக் காயமாகத் தெரிந்தது.

குழந்தை வளர்ப்பு ஆய்வாளர்களும் இதையே சொல்கிறார்கள். ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கிய ஒரு நீண்ட ஆய்வில், இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பி, வருஷக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகள், முக்கியமாக இரண்டு வயதுக்குள் போனவர்கள், நன்றாகத் தேறினார்கள். குழந்தைக்கு வேண்டியது மாறாத முகம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை புது முகம் வந்து, கொஞ்சி, அழுது, பெட்டி கட்டிப் போனால், அந்தப் பிள்ளை மாதத்துக்கு இரண்டு தடவை பிரிவைப் பார்க்கிறது.

ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு ஒன்று 2017இல் நவீன அடிமைமுறையை விசாரித்தபோது, இல்லங்களுக்காகக் குழந்தைகளைக் கடத்துவதையும் அதில் சேர்த்தது. ஐ.நா. பொதுச்சபை 2019 டிசம்பரில் நிறைவேற்றிய குழந்தை உரிமைத் தீர்மானமும் இல்லங்களில் நடக்கும் சுற்றுலாவையும் தன்னார்வப் பணியையும் குறிப்பிட்டு எச்சரித்தது. குழந்தைகளுக்காக ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று மனசு கேட்டால், பிள்ளைகளைக் குடும்பத்தோடு சேர்த்துவைக்கும் அமைப்புகளுக்குப் பணம் அனுப்புங்கள். படம் எடுக்க அங்கே ஒன்றும் இருக்காது.

படி 3: சலிப்பான வேலையைத் தேடுங்கள்

விலங்கு விஷயத்திலும் இதே விதி. தென்னாப்பிரிக்காவில் சிங்கக் குட்டிக்குப் புட்டியில் பால் கொடுக்கும் 'பாதுகாப்பு' வேலைக்குப் பணம் கட்டிப் போனவர்கள் ஏராளம். தாயில்லாக் குட்டி, வளர்ந்ததும் காட்டில் விடுவோம் என்று சொல்வார்கள். மனிதக் கையில் வளர்ந்த சிங்கத்தைக் காட்டில் விட முடியாது. வளர்ந்தபின், வேலி போட்ட நிலத்துக்குள் பணம் கட்டி வேட்டையாடுகிறவர்களிடம் போன சிங்கங்கள் உண்டு. குட்டியை ஏன் தாயிடமிருந்து பிரித்தார்கள் என்று கேட்டாலே குட்டு வெளிப்பட்டுவிடும்.

இதற்கு நேர் எதிர், கோஸ்டாரிக்காவின் டோர்டுகேரோ கடற்கரை. 1950களில் ஆர்ச்சி கார் என்ற விலங்கியலாளர் அங்கே தொடங்கிய ஆமைக் கணக்கெடுப்பு இன்றும் நடக்கிறது. தன்னார்வலர்கள் இரவு முழுக்க மணலில் நடக்கிறார்கள். ஆமை கரையேறினால் ஓட்டின் நீளத்தை அளந்து, முட்டையை எண்ணி, அட்டவணையில் ஒரு வரி எழுதுகிறார்கள். பளிச்சென்ற விளக்கு கூடாது, கொஞ்சுவது கூடாது. பல இரவுகள் ஒன்றுமே வராது. உங்கள் பெயர் யாருக்கும் நினைவிருக்காது. நீங்கள் எழுதிய வரி மட்டும் பல வருஷத்துப் பதிவுகளோடு சேர்ந்துவிடும்.

விளம்பரத்தைப் பார்த்ததும் நெஞ்சு உருகினால் இரண்டு முறை யோசியுங்கள். "இதற்கா அவ்வளவு தூரம் போக வேண்டும்?" என்று அலுப்புத் தட்டினால், அது நல்ல வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

படி 4: பணம் எங்கே போகிறது?

ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொல்லியிருக்கிறார்கள். 1998இல் மிட்ச் புயல் ஹோண்டுராஸைப் புரட்டிப் போட்டபின், வெளிநாட்டுக் குழுக்கள் வந்து வீடு கட்டிக் கொடுத்தன. கர்ட் வெர் பீக் என்ற சமூகவியலாளர் அதை ஆராய்ந்தார். வந்தவர்களின் பயணச் செலவையும் சேர்த்தால் ஒரு வீட்டுக்கு ஆன செலவு சுமார் 30,000 டாலர். அங்கேயே இருந்த அமைப்பு கட்டிய வீட்டுக்கு ஆனது சுமார் 2,000 டாலர். வீடு கிடைத்த குடும்பங்களின் வாழ்க்கையில், யார் கட்டினார்கள் என்பதால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் அவருக்குத் தெரியவில்லை.

ஒரு வீட்டுச் செலவில் பதினைந்து வீடு என்று கணக்குப் போட்டு நிறுத்திவிடாதீர்கள். உள்ளூரில் கட்டியிருந்தால் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் தச்சருக்கும் கூலி போயிருக்கும். புயலில் வேலையும் போய் நிற்கிற ஊரில் அதுதான் பெரிய உதவி. கரணையைப் பிடிக்கத் தெரியாத நாம் நூல் பிடிக்காமல் அடுக்கும் செங்கல்லை, பார்த்துக்கொண்டு சும்மா நிற்கும் கொத்தனாரை நினைத்துப் பாருங்கள்.

அதனால் பணம் கட்டுமுன் நிறுவனத்திடம் இவற்றை எழுதிக் கேளுங்கள்:

- நான் கட்டும் தொகையில் அந்த ஊருக்குள் போவது எவ்வளவு? யார் கையில்?
- இந்த வேலை வேண்டும் என்று கேட்டது யார்? ஊர்க்காரர் ஒருவரிடம் நான் நேரில் பேச முடியுமா?
- நான் வராவிட்டால் இந்த வேலை நடக்குமா, நிற்குமா? உள்ளூர் ஆள் யாராவது கூலிக்குச் செய்யக்கூடியதா?
- எனக்கு முன் வந்த குழு என்ன செய்தது? அது இப்போது எந்த நிலையில் இருக்கிறது?

கடைசிக் கேள்விதான் கூர்மையானது. நான் முதல் பயணத்தில் அதைக் கேட்டிருந்தால் அந்த நாலு அடுக்குப் பெயிண்ட் அங்கேயே தெரிந்திருக்கும். பதிலாக வண்ணப்படமும் நெகிழ்ச்சியான அனுபவக் கடிதங்களும் மட்டும் வந்தால் விலகிவிடுங்கள். தொகையைப் பிரித்துக் காட்டி, "அலுவலகச் செலவு இவ்வளவு, விருந்தளிக்கும் குடும்பத்துக்கு இவ்வளவு" என்று சொன்னால் மேற்கொண்டு பேசலாம். அலுவலகச் செலவு இருப்பது குற்றமில்லை. மறைப்பதுதான் குற்றம்.

படி 5: கைத்திறனும் நாட்களும்

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். தன்னார்வலரும் முதல் சில நாள் விருந்தாளிதான். இடம் காட்ட, மொழிபெயர்க்க, வயிற்றுப்போக்குக்கு மருந்து வாங்கித் தர ஒருவர் கூடவே அலைய வேண்டும். இரண்டாவது வாரக் கடைசியில்தான் நம்மால் பிரயோஜனம் ஆரம்பிக்கும். இரண்டு வாரப் பயணம் அத்தோடு முடிந்துவிடுகிறது. பீஸ் கோர் 27 மாதம் கேட்பதும், அதில் முதல் மூன்று மாதத்தைப் பயிற்சிக்கென்று ஒதுக்குவதும் சும்மா இல்லை.

அதற்காகக் குறுகிய பயணம் எல்லாமே வீண் என்று சொல்லமாட்டேன். அங்கே இல்லாத ஒரு திறன் உங்களிடம் இருந்து, அவர்களே கேட்டு, அதை அங்குள்ளவர்களிடம் விட்டுவிட்டு வர முடிந்தால் பத்து நாள்கூடப் போதும். என்னுடைய உருப்படியான பயணம் ஒன்றில் நான் செய்தது, ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் இருப்புக் கணக்கை நோட்டுப் புத்தகத்திலிருந்து கணினி அட்டவணைக்கு மாற்றுவது. எட்டு நாளும் ஜன்னல் இல்லாத அறை. அங்கே கணக்கு எழுதிய அக்கா ஐந்தாம் நாள் என் சூத்திரத்தில் ஒரு தப்பைக் கண்டுபிடித்துத் திருத்தினார். அன்றைக்கே என் வேலை முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மருத்துவ மாணவர்களுக்குத் தனியாக ஒன்று. "அங்கே போனால் நிறையச் செய்து பார்க்கலாம்" என்று யாராவது ஆசை காட்டினால், யார் உடம்பில் என்று கேளுங்கள். தையல் போட்டுவிட்டு நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள். சீழ் வைத்தால் பார்ப்பது யார்? தொடர் சிகிச்சைக்கு உள்ளூர் மருத்துவமனையோடு ஏற்பாடு இல்லாத முகாம்களுக்குப் போகாதீர்கள்.

படி 6: தாள்கள்

சுற்றுலா விசாவில் தன்னார்வ வேலை செய்யலாம் என்று நிறுவனம் சொன்னால் நம்பாதீர்கள். அந்த நாட்டுத் தூதரகத்தில் கேளுங்கள். நேபாளத்தில் சுற்றுலா விசாவில் தன்னார்வப் பணி செய்யத் தடை இருக்கிறது. தாய்லாந்தில் சம்பளமில்லாத வேலைக்கும் அனுமதி வாங்க வேண்டும். காப்பீடு, தடுப்பூசி எல்லாம் வழக்கம்போல. காவல்துறை நற்சான்று மட்டும் முக்கியம். பிள்ளைகள் நடமாடும் எந்த இடத்திலும் வேலை செய்யப் போகிற உங்களிடம் அதைக் கேட்காத நிறுவனம், உங்களுக்கு முன்னால் போனவரிடமும் கேட்டிருக்காது.

படி 7: போய் இறங்கிய முதல் வாரம்

கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பதே முதல் வார வேலை. முப்பது சொற்களாவது அவர்கள் மொழியில் கற்றுக்கொள்ளுங்கள். வணக்கம், நன்றி தாண்டி, 'போதும்', 'எனக்குத் தெரியாது', 'நீங்களே சொல்லுங்கள்' என்பவையும் அதில் இருக்கட்டும்.

தங்கும் வீட்டைக் கூர்ந்து பாருங்கள். விருந்தாளிகளை வைத்திருப்பதால் குடும்பத்துக்கு வருமானம் வருகிறது, உண்மைதான். ஆனால் அதன் வேலை யார் தலையில்? நாங்கள் தங்கிய வீட்டில் நாலு பேர் தினமும் குளித்தோம். மூன்றாம் நாள்தான் கவனித்தேன், அந்த வீட்டம்மா விடியுமுன் குடத்தோடு இறங்கி ஏறுவது இரண்டு நடையிலிருந்து ஐந்து நடையாகியிருந்தது. யாரும் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாங்கள் கேட்டபோதும் "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்றார். அன்றிலிருந்து குளியல் இரண்டு நாளைக்கு ஒரு முறை, குடம் எங்கள் கையில். முதல் நாள் பாதித் தண்ணீரை வழியெல்லாம் சிந்தியதைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அந்தப் பயணத்தில் எங்களால் அந்த ஊருக்குக் கிடைத்த நிச்சயமான நன்மை அது ஒன்றுதான்.

வருமானமும் சமமாகப் போவதில்லை. விருந்தாளி வைக்கும் வீடு, வைக்காத வீடு என்று ஊருக்குள் பொறாமை முளைக்கும். முறைவைத்து எல்லா வீட்டுக்கும் ஆள் அனுப்பும் ஊர்களும் உண்டு. அப்படி ஏற்பாடு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாடகையும் பொருள் விலையும் ஏறுவது இன்னொன்று. நீங்கள் பேரம் பேசாமல் கொடுப்பதைப் பெருந்தன்மை என்று நினைப்பீர்கள். நாளைக்கு அதே பொருளை அதே விலைக்கு வாங்க வேண்டியவர் பக்கத்து வீட்டுக்காரர்.

படி 8: படம், பரிசு, வாக்குறுதி

நார்வே மாணவர் அமைப்பு ஒன்று 2012இல் ஒரு கிண்டல் காணொளி வெளியிட்டது. குளிரில் வாடும் பாவப்பட்ட நார்வேக்காரர்களுக்கு, ஆப்பிரிக்கர்கள் ஒன்றுகூடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்களைத் திரட்டி அனுப்புவதாகக் கதை. சிரித்து முடித்ததும் உறைக்கும். அதே அமைப்பு 2017இல் பயணிகளும் தன்னார்வலர்களும் சமூக ஊடகத்தில் பதிவிடுவதற்கு ஒரு கையேடும் போட்டது.

நான் பின்பற்றும் முறை எளிது. உங்கள் வீட்டுப் பிள்ளையை முன்பின் தெரியாத ஒருவர் அதே மாதிரிப் படம் எடுத்துப் போட்டால் பொறுப்பீர்களா? மாட்டீர்கள் என்றால் எடுக்காதீர்கள். பெரியவர்களிடம் கேட்டு எடுங்கள், எடுத்ததைக் காட்டுங்கள், எங்கே போடப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். நோயாளியையும் குழந்தையையும் விட்டுவிடுங்கள்.

தெருவில் மிட்டாயும் பேனாவும் வாரி இறைப்பதை இன்றே விட்டுவிடலாம். கை நீட்டினால் கிடைக்கும் என்று பிள்ளைகளுக்கு நாமே சொல்லிக் கொடுத்துவிட்டு, பிறகு "இந்த ஊர்ப் பிள்ளைகள் பிச்சை கேட்கிறார்கள்" என்று நாமே எழுதுவோம். பொருள் கொடுக்க வேண்டுமென்றால் பள்ளிக்கூடத்திடம் கேட்டு, அந்த ஊர்க் கடையிலேயே வாங்கிக் கொடுங்கள்.

"அடுத்த வருஷம் கண்டிப்பாக வருவேன்" என்று சொல்லாதீர்கள். சொல்கிற நேரத்தில் நிஜமாகத்தான் சொல்வோம். டிக்கெட் கையில் வந்தபின் சொல்லிக்கொள்ளலாம்.

படி 9: கிளம்பும் நாள்

கிளம்பும் தேதியை வந்த அன்றே எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். கடைசி மூன்று நாள் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். செய்த வேலை, பாதியில் நிற்பது, கடவுச்சொல், சாவி, யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையெல்லாம் அவர்கள் மொழியில் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். அதை அவர்களில் ஒருவர் படித்துப் பார்த்து, நீங்கள் பக்கத்தில் இல்லாமல் ஒரு முறை செய்து பார்க்கட்டும். பெரும்பாலானவர்கள் இந்த நாட்களைப் பிரிவு விழாவிலேயே கழித்துவிடுகிறார்கள்.

படி 10: திரும்பி வந்தபின்

"அவர்கள் ஏழைகள்தான், ஆனால் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள்!" என்ற வாக்கியம் உங்கள் வாயில் வரும். விழுங்கிவிடுங்கள். விருந்தாளி முன்னால் யாரும் அழுவதில்லை, அவ்வளவுதான் விஷயம். நம் ஊரில் எரிச்சல் வருவதும், நண்பர்கள் பேச்சு அற்பமாகத் தெரிவதும் சகஜம். சில வாரத்தில் தணியும்.

பயணம் ஆளையே மாற்றிவிடும் என்று விளம்பரம் சொல்லும். ஹோண்டுராஸ் ஆய்வில் வெர் பீக் அதையும் பார்த்தார். போய்வந்தவர்கள் தாங்கள் மாறிவிட்டதாகச் சொன்னார்கள். ஆனால் அவர்கள் கொடுத்த நன்கொடைக் கணக்கில் அந்த மாற்றம் அவ்வளவாகத் தெரியவில்லை. கேட்பார் யாருமில்லாமல் தீர்மானம் தங்காது. அதனால் வந்த முதல் மாதத்திலேயே ஏதாவது ஒன்றைத் தானாக நடக்கும்படி கட்டிவைத்துவிடுங்கள்: மாதா மாதம் வங்கியிலிருந்து போகும் சிறு தொகை, அல்லது அந்த ஊர் அமைப்புக்குத் தொலைவிலிருந்தே செய்து தரும் ஒரு வேலை.

மேலே உள்ளதையெல்லாம் படித்துவிட்டுச் சும்மா சுற்றுலாவே போகலாம் என்று தோன்றினால் தாராளமாகப் போங்கள். ஊர்க்காரர் நடத்தும் விடுதியில் தங்கி, ஊர்க்காரரையே வழிகாட்டியாக வைத்து, கேட்ட கூலியைக் கொடுக்கும் பயணி பல தன்னார்வலர்களைவிட நல்ல விருந்தாளி.

அந்தப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியருக்கு மறு வருஷம் ஒரு கடிதம் எழுதினேன். முதல் கடிதமாக யாருக்கும் இதை மாற்றி அனுப்பிக்கொள்ளலாம்:

"ஐயா, எனக்குக் கணக்கு எழுதத் தெரியும், கணினி அட்டவணை போடத் தெரியும். பெயிண்ட் அடிக்கவும் வகுப்பெடுக்கவும் பயிற்சி கிடையாது. மூன்று வாரம் ஒதுக்க முடியும். என்னால் உங்களுக்கு ஆகக்கூடிய வேலை ஏதும் இருக்கிறதா? நான் தங்குவதால் யாருக்கு என்ன செலவு, என்ன சிரமம் என்பதையும் எழுதுங்கள். பயணத்துக்கு ஆகும் தொகையை அப்படியே அனுப்பிவிட்டு நான் வராமல் இருப்பது மேல் என்றால், தயங்காமல் அதையும் சொல்லுங்கள்."

பத்து நாள் கழித்து ஒரு வரி பதில் வந்தது: "பணத்தை அனுப்புங்கள், கணக்கு ஆசிரியருக்கு ஆறு மாதச் சம்பளம் ஆகும், நீங்களும் எப்போதாவது வாருங்கள், பிரஷ் மட்டும் கொண்டுவர வேண்டாம்."